மின்னூலிலிருந்து அச்சு மூலத்துக்கு: எழுத்து வருகிறது, பதிப்பு வருகிறதா?

மொழி வாழ நூல் வாழ வேண்டும். நூல் வாழ, அது காலத்துக்குக் காலம் புது உடம்பு எடுக்க வேண்டும். ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்தது, காகிதத்திலிருந்து கணினிக்குப் போனது. இப்போது கணினியிலிருந்து மறுபடியும் காகிதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பயணத்தில் நூலுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் புலவர் பட்டம் வாங்கியவன் இல்லை, கணினிப் பொறியாளனும் இல்லை. சித்தூரில் வெல்ல மண்டி வியாபாரம். கடை சாத்திய பிறகு நம் சமண முன்னோர் செய்த தமிழ் நூல்களை உரையோடு படிப்பது நாற்பது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

வெளி மாநிலத்துத் தமிழ் அன்பர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் படித்து, தமிழை வீட்டில் கற்கிறவர்கள். அவர்கள் கையில் பழைய பதிப்பு இருக்காது, கைப்பேசியில் உள்ள கோப்புதான் இருக்கும். அந்தக் கோப்பில் இருப்பதுதான் அவர்களுக்கு நூல். அதையே அச்சிட்டு ஆராய்ச்சிப் பதிப்பு என்று பெயரும் வைத்துவிட்டால், பிறகு திருத்த யார் வருவார்?

பத்து நிமிஷ வேலை

மின்னூல் என்று நாம் சொல்லும் ஈபப் கோப்பு உண்மையில் ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் உள்ளே வலைப்பக்கங்களைப் போன்ற சிறு கோப்புகள் வரிசையாக இருக்கும். 2007இல் இந்த முறை தரமாக அறிவிக்கப்பட்டது. திரையின் அளவுக்குத் தக்கபடி எழுத்து ஓடி நிற்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பக்கம் என்பது இதில் நிலையானது அன்று.

அச்சு மூலம் வேறு வகை. ஆராய்ச்சி நூல்களை அச்சுக்கோக்க உலகெங்கும் வழங்கும் டெக் என்னும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் உருவாக்கினார். 1977இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படி மனத்துக்குப் பிடிக்காமல் தாமே இந்த வேலையில் இறங்கினாராம். இம்முறையில் எழுதுகிறவர், "இது தலைப்பு, இது செய்யுள், இது அடிக்குறிப்பு" என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கட்டளை இடுகிறார். எப்படி அச்சிடுவது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2004இல் ஜொனாதன் க்யூ கொண்டுவந்த ஸீடெக் ஒருங்குறியை நேராகப் படிப்பதால் தமிழுக்கும் வழி எளிதாயிற்று.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, தத்துவப் பேராசிரியர் ஜான் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் முதலிய கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. திருப்பதியில் அச்சு வேலை செய்யும் தம்பி ஒருவர் என்னிடம், "ஐயா, ஈபப் இருக்குதா? குடுங்க, பத்து நிமிஷத்துல டெக் ஃபைலா மாத்தித் தர்றேன்" என்றார். சொன்னபடி செய்தும் கொடுத்தார். எழுத்தெல்லாம் வந்திருந்தது. நூல் வந்ததா என்பதுதான் கேள்வி.

எழுத்தளவில் வரும் பிழை

முதலில் எழுத்தைப் பார்ப்போம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகக் கொடுத்து வருகிறது. அந்தத் தொண்டுக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டது. தொடக்க காலத்துக் கோப்புகள் திஸ்கி என்ற குறியீட்டில் இருந்தன, பின்னர் ஒருங்குறிக்கு வந்தன. திஸ்கியில் 'கெ' என்று எழுதக் கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஒருங்குறியில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. மாற்றும்போது கருவி சறுக்கினால் கொம்பு பக்கத்து எழுத்தின்மேல் ஏறிவிடும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகல் எடுப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும்.

இவ்வகைப் பிழை கண்ணுக்குப் பட்டென்று தெரியும், திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்து. செய்யுளை எளிதாகப் படிக்கட்டும் என்று மின்னூலில் சந்தி பிரித்துப் போடுவது உண்டு. படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல உதவிதான். ஆனால் 'யாதெனின்' என்ற சீர் 'யாது எனின்' என்று ஆனால் இரண்டு அசை மூன்றாகிவிடும். யாப்பு கெட்டுப்போகும். பிரித்த வடிவத்தையே மூலபாடமாக அச்சேற்றினால், புலவன் தளை தட்டப் பாடினான் என்ற பழி அவன் தலையில் விழும். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பிறந்த சமயத்தில் பிறந்தவனுக்கு இதைக் கண்டால் எப்படிப் பொறுக்கும்?

யாருடைய வாக்கு?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நீலகேசியை எடுத்துக்கொள்வோம். வாமன முனிவரின் சமய திவாகர விருத்தியுரையோடு அதைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். நீலகேசி சமணக் காப்பியம். அது மறுக்க எடுத்துக்கொண்ட பௌத்த காப்பியம் குண்டலகேசி. அந்தக் குண்டலகேசி முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று அதன் பாடல்களாக அறியப்படுபவை பத்தொன்பதே. அவை நீலகேசி உரை, புறத்திரட்டு போன்ற பிற நூல்களில் மேற்கோளாக வந்ததால்தான் பிழைத்தன.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். நீலகேசிப் பதிப்பின் ஒரே பக்கத்தில் நூலாசிரியர் வாக்கு, உரையாசிரியர் வாக்கு, உரையாசிரியர் எடுத்துக்காட்டும் எதிரியின் வாக்கு, அடியில் பதிப்பாசிரியர் குறிப்பு என்று நான்கு குரல் இருக்கலாம். காகிதத்தில் எழுத்தின் அளவும் இடம் விட்ட முறையும் அவற்றைப் பிரித்துக் காட்டும். சாதாரண மின்னூலிலோ எல்லாம் 'பத்தி' என்ற ஒரே பெயரில் கிடக்கும். சில இடத்தில் தடித்த எழுத்து, சில இடத்தில் சாய்ந்த எழுத்து, அவ்வளவுதான். தடித்தது செய்யுள் என்பதாலா, மேற்கோள் என்பதாலா, அழகுக்கா என்பது கருவிக்குத் தெரியாது. தடித்ததைத் தடித்ததாகவே டெக் மூலத்தில் போட்டுவிட்டு அது போய்விடும். அந்தக் கோப்பு மட்டுமே எஞ்சினால், அழிந்த காப்பியத்தின் பாட்டு எது, உரைக்காரர் சொந்தச் சொல் எது என்று எந்த ஆராய்ச்சியாளரும் தேட முடியாது.

சீவக சிந்தாமணிக்கும் இதே கதிதான். கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் கேட்டுக் கேட்டு உ.வே. சாமிநாதையர் 1887இல் அதை அச்சேற்றினார். பதின்மூன்று இலம்பகம், 3145 பாடல். நச்சினார்க்கினியர் உரையில் 'மாட்டு' என்ற பெயரால் பல பாடல்களின் சொற்களை ஒன்றோடொன்று கூட்டிப் பொருள் சொல்லும் இடங்கள் நிறைய. பாட்டு எண் தவறினால் அந்த உரையில் ஓர் அடி நகர முடியாது. அடிக்குறிப்பில் உள்ள பாடபேதமும் அப்படித்தான். மின்னூலில் அடிக்குறிப்பு என்று ஒரு இடம் இல்லாததால், அது அத்தியாயத்தின் கோடிக்குப் போய்விடுகிறது, அல்லது 'படிக்கிறவருக்கு எதற்கு' என்று விடப்பட்டே போகிறது. விட்டுப்போனதை எந்தக் கருவியும் திரும்பக் கொண்டுவராது.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். மூட்டை மாற்றினால், பழைய மூட்டையின் மேல் இருந்த குறியைப் புது மூட்டையின் மேல் முதலில் போட வேண்டும். எந்த ஊர் சரக்கு, எந்த ரயத்துடையது, என்றைக்கு வந்தது என்று அந்தக் குறி சொல்லும். குறி போடாமல் கொட்டினாலும் வெல்லம் வெல்லம்தான், இனிப்பு குறையாது. ஆனால் யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. கோப்பு மாற்றுவதும் மூட்டை மாற்றுவதுதான்.

கல்லில் இல்லாததைக் கல்லில் ஏற்றலாமா?

நம் ஊர் உதாரணம் ஒன்று. திருமலை திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலிய அறிஞர் உழைப்பில் தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. சித்தூர் மாவட்டம் 1911இல் உண்டாயிற்று. 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு மாறிக்கொண்டே இருந்தாலும், இந்த மண்ணில் தமிழ் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

பொதுவாகக் கல்வெட்டுப் பதிப்புகளில், சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுவார்கள். பதிப்பாசிரியர் தாமே ஊகித்துச் சேர்த்ததற்கு உடுக்குறியும் இடுவார்கள். திரையில் அழகாக இல்லை என்று யாரோ அடைப்பை நீக்கிவிட, அந்தக் கோப்பே அச்சு மூலமானால், ஊகம் கல்வெட்டாகிவிடும். சாட்சி சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதற்கு என்ன பெயர் என்று வாசகர்களே சொல்லட்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

"இவ்வளவு பார்த்தா எந்த நூலும் வெளிவராது ஐயா" என்பவர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. புதிதாகத் தட்டச்சு செய்தால் புதிய பிழை புகும், செலவும் கூடும். ஆகவே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றிய கோப்பை முதல் படியாகக் கொள்ளுங்கள், முடிந்த பதிப்பாகக் கொள்ளாதீர்கள் என்கிறேன். குற்றம் மின்னூல் செய்தவர்மேலும் இல்லை. அவர்கள் படிப்பதற்கென்று கொடுத்ததை நாம் பதிப்பதற்கென்று எடுத்துக்கொண்டால் பொறுப்பு நம்முடையது.

வழியும் இல்லாமல் இல்லை. நூலின் ஒவ்வொரு பகுதிக்கும் அது என்ன என்று பெயரிட்டுக் குறிக்க, 1987இல் அறிஞர்கள் கூடித் தொடங்கிய டிஇஐ என்ற நெறிமுறை இருக்கிறது. பல அடுக்கு அடிக்குறிப்போடு பாடபேதம் அச்சிட, லவாஞ்ஞினோவும் வடமொழி அறிஞர் வூயஸ்டிக்கும் டெக் முறைக்குச் செய்த எட்மேக் கருவியும் அதன் வழிவந்தவையும் இருக்கின்றன. 2002இல் உலக டெக் பயனர் மாநாடே நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. கருவிக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. குறியிட்ட மூலம் ஒன்றைச் செய்துகொண்டு, அதிலிருந்து அச்சு நூலையும் மின்னூலையும் இறக்குவதே நேரான வழி. மின்னூலிலிருந்து மூலத்துக்கு ஏறுவது, ஊறுகாயிலிருந்து மாங்காய் எடுக்கப் பார்ப்பது போல.

பழைய நூலை மறுபதிப்பு செய்ய நினைக்கும் சங்கங்களும் குடும்பங்களும் நான்கு காரியம் செய்தால் போதும். எந்த ஆண்டுப் பதிப்பு, யார் பதிப்பித்தது என்பதைக் கோப்பின் தலையிலேயே எழுதுங்கள். செய்யுள், உரை, மேற்கோள், பதிப்பாசிரியர் குறிப்பு நான்குக்கும் நான்கு தனிப் பெயர் கொடுங்கள். சந்தி பிரித்த பாடம் வேண்டுமானால் மூலபாடத்தின் பக்கத்தில் வையுங்கள், அதன் இடத்தில் வைக்காதீர்கள். கடைசியாக, அச்சுக்குப் போகுமுன் ஒருவர் பழைய புத்தகத்தைப் படிக்க, இன்னொருவர் புதுப் படியைப் பார்க்கட்டும். இதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்று தானம் நான்கு என்பர் சமணர். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்ற அம்மையார் பொன்னரின் சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படி எழுதுவித்துத் தானம் செய்தார். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் படி! இன்று ஒரு விரல் தட்டினால் லட்சம் படி. படி பெருகுவது பெரிதில்லை. ஒரு படியில் விட்டுப்போனது அத்தனை படியிலும் விட்டுப்போகும் என்பதை நினைத்து, முதல் படியைச் சரியாகச் செய்வதே இக்காலத்து சாஸ்திர தானம். அதை இந்த ஊர்த் தமிழர்களும் செய்ய முடியும்.