வில்லங்கம் இல்லாத பிரதி

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் ஒன்றுண்டு: ‘டாக்குமென்ட் பக்கா கிளியர் சார், வில்லங்கமே கிடையாது.’ மனை விற்கிறவர் சொல்வது. தமிழ் எம்.ஏ. படித்த நான் இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டதே இல்லை. நமக்குப் பிரதி என்றால் கவிதை, நாவல், மிஞ்சிப்போனால் கல்வெட்டு.

சாதி வன்முறை விஷயத்திலும் இதே பழக்கம்தான். ரத்தமும் நெருப்பும் இருந்தால்தான் நமக்குக் கண் தெரிகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ (1975), பண்ணையாரின் கொடூரத்துக்கு வேரை அவருடைய ஆண்மைக் குறைவில் தேடியது. கூலி நெல்லும் நிலமும் பின்னுக்குப் போயின. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் கொடுத்தாயிற்று. இதைக் கண்டித்துச் சிறுபத்திரிகைக்காரர்கள் நிறையவே எழுதினோம். நியாயம்தான். ஆனால், கண்டித்த நாம் நிலத்தை வாசித்தோமா?

வாசிக்க வேண்டியது காலடியிலேயே கிடக்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் தாம்பரமும் இருந்தது. 1891இல் அம்மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசுக்காகப் பறையர் தர்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை நிற்கிற மண்ணும் அவர் பிடியில். ஆக, கை ஓங்கவே வேண்டியதில்லை. ‘காலி பண்ணு’ என்ற சொல் போதும்.

இதைத் தொடர்ந்து வந்த 1892 செப்டம்பர் அரசாணையின் வழி ஒடுக்கப்பட்டோருக்குக் கொடுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இதற்காகக் கலெக்டரைக் காருண்ய மூர்த்தியாக்க வேண்டாம். அறிக்கையில் பறையர் பேசப்படுகிறார், பேசவில்லை. பேசியது 1893இல். இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ பத்திரிகையைத் தொடங்கினார்.

இவ்வளவு கறாரான நிபந்தனை இருந்தும் நிலம் எப்படிக் கைமாறியது? கடன், மிரட்டல், ஒரு கைநாட்டு. பிறகு அதன்மேல் இன்னொரு பத்திரம், அதன்மேல் மற்றொன்று. ‘முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு சார்’ என்கிறார்கள். முப்பது வருஷம் பின்னால் போனாலும் 1892 வராது. முதல் எழுத்தைக் கண்ணில் படாமல் செய்துவிட்ட பிறகு கிடைக்கும் மௌனத்துக்குத்தான் ‘கிளியர்’ என்று பெயர். இதுவும் வன்முறைதான். ரத்தம் வராததால் நம் விமர்சனத்துக்குள் வரவில்லை.

ரத்தமும் வந்தது. 1994இல் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை. அரசாங்கம் தான் எழுதியதைத் தானே ஒருமுறை வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசிக்கச் சொன்னதற்குக் குண்டு.

வெண்மணியைப் பண்ணையாரின் உடம்புக்குள் ஒளித்தது நாவல் என்றால், காரணையை நாம் ‘ரெவின்யூ விவகாரம்’ என்று ஒதுக்கினோம். இரண்டிலும் நிலம்தான் காணாமல் போயிற்று. புறநகரில் அரை கிரவுண்டுக்கு ஆசைப்படுகிற நானும் இதற்கு வெளியே இல்லை. ‘கிளியர் சார்’ என்கிறவரிடம், ‘எந்த வருஷத்திலேர்ந்து?’ என்று நான் இதுவரை கேட்டதில்லை. பிரதி, வாசிப்பு என்று இவ்வளவு பேசுகிறவன் முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.