குரல் யாருடையது?

'ஒன் ட்ரூ வாய்ஸ்' - ஒரே மெய்க்குரல் என்று பொருள். பெயரோ பெரிது, வாழ்வோ சிறிது!

2002-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நடத்திய 'பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்' போட்டியில், நடுவர்கள் சலித்தெடுத்து, மக்கள் தொலைபேசி வாக்கால் உறுதிசெய்த ஐந்து இளைஞர் குழு அது. அதே மேடை ஈன்ற ஐந்து பெண்களின் குழு 'கேர்ள்ஸ் அலவுட்'. கிறிஸ்துமஸ் வார விற்பனையில் முதலிடம் யாருக்கு என்பதே பந்தயம். பெண்கள் வென்றனர், இளைஞர்க்கு இரண்டாமிடம். 2003 ஜூனில் வந்த அடுத்த பாடல் பத்தாமிடத்தோடு நின்றது. ஆகஸ்டில் குழு கலைந்தது. முழு இசைத்தொகுப்பு ஒன்றுகூட வெளிவரவில்லை!

"மக்கள் தேர்ந்தவர்களை மக்களே கைவிட்டனரே!" என அங்கலாய்ப்போர் உண்டு. நாம் கேட்கிறோம்: மக்கள் தேர்ந்தது எதை? பாடுவோரை, பாட்டையன்று! பெண்களின் பாட்டிலே புத்தொலி இருந்தது, துடிப்பு இருந்தது. இளைஞர்க்கு முன்னிறுத்தப்பட்டதோ, 2001-இலேயே 'பீ ஜீஸ்' பாடி வெளியிட்ட பாட்டு! ஒரே பட்டறை, ஒரே விளம்பரம், ஒரே வாக்குமுறை; வேறுபட்டது கலைச்சரக்கு ஒன்றே. நடுவராய் அமர்ந்த பீட் வாட்டர்மனே இளைஞர் குழுவின் மேலாளருமானார். தீர்ப்பு வழங்கியவரே வாணிபமும் நடத்தினால், குறை சொல்பவர் யார்?

தோற்றவை அந்த ஐந்து தொண்டைகள் அல்ல, தோழர்களே! வாக்கு விளம்பரம் தரும். வாய்க்கு ஏற்ற பாட்டைத் தராது. திரை காட்டும் முகத்தை வியக்குமுன், 'குரல் யாருடையது?' என்று கேட்கப் பழகுவோம். அக்கேள்வியே பகுத்தறிவு, அதுவே திறனாய்வு!