கேட்பதும் விசுவாசமே: கூரத்தாழ்வான் கண்ணிழப்பு நிகழ்வும் சரணாகதி மரபும்

ஆய்வுச் சுருக்கம்

இறைவனின் அறிவை நம்புதல் என்பது துன்பத்தின் முன் வாய்மூடி இருத்தல் என்று பொருள்படுமா? இராமாநுசரின் முதன்மை மாணாக்கரான கூரத்தாழ்வான் கண்ணிழந்த நிகழ்வு, இக்கேள்விக்கு 'ஆம்' என்னும் விடையின் சான்றாகப் பல இடங்களில் எடுத்தாளப்படுகிறது. குருபரம்பரை மரபையும் ஆழ்வானின் தோத்திரங்களையும் இணைத்து வாசிக்கும்போது அவ்விடை நிற்பதில்லை என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூரத்தாழ்வான், இராமாநுசர், மகாவிசுவாசம், ஆர்த்தி, குருபரம்பரை, ஸ்ரீபெரும்புதூர்.

முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைபவர் கண்ணில் முதலில் படுவன தொழிற்சாலைகளும் அவற்றின் பணியாளர் பேருந்துகளுமே. ஊருக்குள் ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. இராமாநுசர் பிறந்த தலம் இது. இங்குள்ள அவரது திருமேனியைத் 'தான் உகந்த திருமேனி' என்றும், மேல்கோட்டையில் உள்ளதைத் 'தமர் உகந்த திருமேனி' என்றும், திருவரங்கத்தில் உள்ளதைத் 'தானான திருமேனி' என்றும் மரபு வேறுபடுத்திச் சொல்லும். சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நிகழும் அவரது அவதார விழாவில், சரணாகதி பற்றிய சொற்பொழிவுகளுக்கு இயல்பாகவே இடமுண்டு.

இத்தகைய சொற்பொழிவுகளிலும் எளிய பக்தி நூல்களிலும் கூரத்தாழ்வான் பெரும்பாலும் ஒரே முகத்தோடு வருகிறார்: கண் போயும் கலங்காதவர், கேட்கச் சொன்னபோதும் தமக்கென்று எதையும் கேளாதவர். இம்முகம் பொய்யன்று. ஆயினும் அது பாதி முகமே. அப்பாதியை முழுமையாகக் கொண்டால், 'காரணம் கேளாதே, கடவுளுக்குத் தெரியும்' என்னும் அறிவுரை ஆழ்வானின் பெயரால் எளிதில் வழங்கப்பட்டுவிடும். துன்பப்படுபவரிடம் இந்த அறிவுரையைச் சொல்பவர் பெரும்பாலும் அத்துன்பத்திற்கு வெளியே நிற்பவர் என்பதால் இது சிறிய செய்தியன்று.

நிகழ்வு

பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் முதலான நூல்களின் வழி நிலைபெற்ற கதையின் போக்கு ஆய்வாளர் அறிந்ததே. சிவனுக்கு மேலான பொருள் இல்லை என்னும் ஓலையில் அறிஞரிடம் கையொப்பம் பெற்றுவந்த சோழ அரசன், இராமாநுசரின் ஒப்பமின்றி அது நிறைவுறாது என்று நாலூரான் சொல்லக் கேட்டு அவரை அழைத்துவர ஆள் அனுப்புகிறான். இராமாநுசரின் காவியை ஆழ்வான் உடுத்துகிறார். ஆழ்வானின் வெள்ளாடையில் இராமாநுசர் மேற்கே வெளியேறுகிறார். முதியவரான பெரிய நம்பியும் ஆழ்வானுடன் அவைக்குச் செல்கிறார். ஓலையை நீட்டியபோது ஆழ்வான், 'சிவம்' என்னும் சொல் ஓர் அளவையின் பெயராகவும் வழங்குவதைக் கொண்டு, அதைவிடப் பெரிய அளவை உண்டு என்று எழுதி ஒப்பமிடுகிறார். அதன் விளைவாக இருவரும் கண்களை இழக்கின்றனர். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் துறக்கிறார்.

அந்த அரசன் யார் என்பது வரலாற்றாய்வில் முடிவுறாத வழக்கு. முதற் குலோத்துங்கன் என்பார்க்கு, வைணவக் கோயில்களுக்கும் அவன் காலத்தில் கொடைகள் உண்டு என்னும் தடை எழுகிறது. இரண்டாம் குலோத்துங்கன் என்பார்க்கு, இராமாநுசரின் மரபுக் காலமான 1017–1137 என்பதைப் பின்தள்ள வேண்டிய தேவை எழுகிறது. இங்கு ஆராயப்படுவது கதை துன்பத்தை எவ்வாறு பொருள்கொள்கிறது என்பதாகலின், அவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய தேவை இல்லை. ஒன்றை மட்டும் குறிக்கலாம். திருவரங்கத்தமுதனாரின் இராமாநுச நூற்றந்தாதி ஆழ்வானை மூவகைச் செருக்கையும் கடந்தவராகப் போற்றுகிறது. கண்ணிழப்பை அங்கே சொல்லவில்லை. நிகழ்வுக்கு முன்னரே நூல் எழுந்திருக்கலாம். எவ்வாறாயினும் அவ்வந்தாதியில் ஆழ்வானின் பெருமை அவர் பட்ட துன்பத்தால் வந்ததாகக் காட்டப்படவில்லை.

காரணம் தேடிய இருவர்

இராமாநுசர் திருவரங்கம் திரும்பி ஆழ்வானைக் காணும் இடமே கதையின் நெஞ்சு. மரபில் வழங்கும் அவரது புலம்பல் ஒரு சிலேடையில் அமைகிறது. 'தரிசனம்' என்பது சமயநெறி. அதுவே பார்வையும் ஆகும். தம் தரிசனத்தின் பொருட்டு ஆழ்வானின் தரிசனம் போயிற்றே என்று ஆசிரியர் வருந்துகிறார். ஆழ்வானோ, அடியார் ஒருவர் இட்ட திருமண் கோணலாக இருக்கிறது என்று தாம் எப்போதாவது நினைத்திருக்கக்கூடும், அதன் பயன் இது என்கிறார்.

இம்மறுமொழியை வினைக்கோட்பாட்டின் எளிய எடுத்துக்காட்டாக வாசிப்பது வழக்கம். அந்த வாசிப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவரது நாமத்தின் கோணலை மனத்தளவில் எண்ணியதற்கு இரு கண்கள் விலை என்றால், அந்தக் கணக்கை எந்த நீதியும் ஏற்காது. அளவின் இப்பொருத்தமின்மையைக் கதை சொன்னவர்கள் அறியாதிருந்திருப்பார்கள் என்று கொள்ள இயலாது. ஆழ்வானின் சொல்லை விளக்கமாகக் கொள்வதைவிட, குற்றவுணர்வில் உழலும் ஆசிரியரின் சுமையை இறக்கிவைக்கும் பரிவாகக் கொள்வதே இடத்திற்குப் பொருந்தும். அதைவிட முதன்மையான செய்தி, அக்காரணத்தைச் சொல்பவர் துன்பப்பட்டவர் என்பது. தம்மைப் பற்றி அவர் அவ்வாறு சொல்லலாம். இராமாநுசர் அவரைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை. சரணாகதி கத்யம் இயற்றியவர், தம் மாணாக்கரின் குருட்டுக் கண்களுக்கு முன் இறைவனின் திருவுள்ளம் இதுவென்று ஆறுதல் கூறாமல் அழுகிறார் என்பதைச் சொற்பொழிவுகள் விரைவாகக் கடந்துபோகின்றன.

செய்தவன் யார்

கண்ணிழப்பைக் கடவுளின் செயலாக மரபு எங்கும் எழுதவில்லை என்பதும் கருதத்தக்கது. செய்வித்தவன் அரசன், தூண்டியவன் நாலூரான். அரசனுக்குக் கழுத்தில் புழுவைத்து மாண்டவன் என்ற பொருளில் 'கிருமிகண்டன்' என்ற பெயரையே மரபு சூட்டிவிட்டது. வரலாற்று நோக்கில் இது ஐயத்திற்குரிய பழிச்சொல்லாகவே இருக்கலாம். கோட்பாட்டு நோக்கில் இதன் பணி தெளிவு: தெய்வ சங்கற்பம் என்னும் சொல்லுக்குள் கொடுமை செய்தவனை மறைந்துகொள்ள விடவில்லை.

இந்த வேறுபாடு இராமாநுசர் பிறந்த ஊரில் இன்று கூடுதல் அழுத்தம் பெறுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா அலைபேசி ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர், அவர்களுள் பெரும் பகுதியினர் பெண்கள், வேலை இழந்தனர். வரி வழக்கு, நிறுவனக் கைமாற்றம் எனக் காரணங்கள் யாவும் மனிதர் பேசி மனிதர் முடிவெடுத்தவை. அந்த இழப்பைத் தாங்க ஒருவர் இறைவனைப் பற்றிக்கொள்வது வேறு. அந்த இழப்பே இறைவன் தந்தது என்று மற்றொருவர் அவருக்குச் சொல்வது வேறு. ஆழ்வான் கதை முன்னதற்குச் சான்று தரும். பின்னதற்குத் தராது.

'கேள்' என்னும் கட்டளை

அழுத பின் இராமாநுசர் செய்வது என்ன? காஞ்சி வரதன் கேட்டதைத் தருபவன், அவனைப் பாடிக் கண்ணைக் கேள் என்கிறார். ஆழ்வான் தயங்குகிறார், ஆசிரியர் வற்புறுத்துகிறார். வரதராஜ ஸ்தவம் இவ்வாறு எழுந்தது என்பது மரபு. வரதன் வேண்டியது கேள் என்றதும் ஆழ்வான், தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார். இராமாநுசர் மீண்டும் வருந்தினார். இறுதியில் கண் கிடைத்ததா, கிடைத்தால் எதைக் காண்பதற்கு மட்டும் கிடைத்தது என்பதில் வழங்கும் கதைகள் ஒன்றுபோல் இல்லை.

நாலூரானுக்காக வேண்டிய பெருந்தன்மையே வழக்கமாகப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதே. ஆயினும் சரணாகதிக் கோட்பாட்டின் நோக்கில் அதற்கு முந்திய கட்டளைக்கே கூடுதல் எடை உண்டு. விண்ணப்பம் விசுவாசத்திற்கு எதிரானதாயின், அவ்விசுவாசத்தைக் கற்பித்த ஆசிரியரே அதை ஏவியிருக்க இயலாது. சரணாகதியின் அங்கங்களாகச் சொல்லப்படுவனவற்றுள் 'காப்பான்' என்னும் உறுதியாகிய மகாவிசுவாசம் ஒன்று. 'காப்பாயாக' என்று வேண்டிக்கொள்ளும் கோப்த்ருத்வ வரணம் மற்றொன்று. காப்பான் என்று உறுதியானபின் காப்பாற்று என்று கேட்பானேன் என்ற தருக்க வினா எழும். அவ்வினாவை அறிந்தே மரபு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது.

ஆழ்வானின் இயல்பும் பேசாதிருக்கும் இயல்பன்று. ஸ்ரீபாஷ்யத்தை ஆசிரியர் சொல்லத் தாம் எழுதியபோது, உயிரின் இயல்பு பற்றிய ஓரிடத்தில் உடன்பாடின்மையால் அவர் எழுதுகோலை நிறுத்திவிட்டார் என்று மரபு சொல்லும். ஆசிரியர் சினந்தார், பின்னர் மாணாக்கரே சரி என்று ஏற்றார். ஆசிரியரிடமே இவ்வாறு நின்றவரை எதையும் வினவாத அடக்கத்தின் உருவமாக ஆக்குவது அவர் வரலாற்றுக்கே பொருந்தாது.

ஆர்த்தி

பிற்காலக் கோட்பாட்டு நூல்கள் இதை மேலும் தெளிவாக்குகின்றன. சரணடைந்தாருள் இவ்வுடலின் முடிவு வரை பொறுத்திருப்பவன் திருப்தன். ஒரு கணமும் பொறாதவன் ஆர்த்தன். பொறுமையின்மை இங்கே விசுவாசக் குறைவாகக் கருதப்படவில்லை. ஆர்த்தியை ஏற்றமாகவே மரபு பேசுகிறது. மணவாளமாமுனிகள் இராமாநுசரை நோக்கி இன்னும் எத்தனை காலம் என்று முறையிடும் தம் நூலுக்கு ஆர்த்திப் பிரபந்தம் என்றே பெயர். இதன் வேர் நம்மாழ்வாரிடம் இருக்கிறது. திருவாய்மொழி நான்காம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி, ஒருவர் துயரில் மற்றவர் நகைக்கும் உலகைக் கண்டு, இது என்ன இயல்பு என்று இறைவனிடமே கேட்கிறது. உலகம் விளங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்வதற்கு, அதைக் கேட்கும் ஒருவன் இருக்கிறான் என்ற உறுதி வேண்டும். அவ்வுறுதி இல்லாதவரிடமிருந்து அக்கேள்வி எழாது. புலம்பல் மட்டுமே எழும்.

வடகலை, தென்கலைப் பிணக்கில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமைகள் பெற்ற புகழ் இவ்வகையில் ஊறு செய்துள்ளது எனலாம். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி எதுவும் செய்வதில்லை என்பதே பேசப்படுகிறது. பூனைக்குட்டி கத்தும் என்பதை யாரும் பேசுவதில்லை.

திருமாலிருஞ்சோலையில் கேட்டது

கதையை விட்டு ஆழ்வானின் சொந்தச் சொற்களுக்கு வரும்போது வாதம் வலுப்பெறுகிறது. அவரது ஐந்து தோத்திரங்களையும் பராசர பட்டரின் படைப்புகளோடு சேர்த்து ஆராய்ந்த நான்சி ஆன் நாயரின் 1992ஆம் ஆண்டு நூல், இவற்றைக் கவிதையாகவும் இறையியலாகவும் ஒருங்கே வாசிக்கும் வழியைத் திறந்தது. அவ்வழியில் சுந்தரபாஹு ஸ்தவத்தின் இறுதிப் பகுதி தனிக் கவனத்திற்குரியது.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கக் கோயிலில் நுழைய முற்பட்டபோது, இராமாநுசர் தொடர்புடையோர்க்கு இடமில்லை என்று வாயிலில் தடுக்கப்பட்டார். இவர் நல்லவர், விடலாம் என்று சிலர் கூறவே, ஆசிரியர் உறவை அறுக்கும் நற்குணம் தமக்கு வேண்டாம் என்று திரும்பித் திருமாலிருஞ்சோலை சேர்ந்தார் என்பது மரபு. சுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. அழகரின் தோள்களையும் அணிகளையும் மலையையும் ஆறையும் நூறு பாடல்களுக்கு மேல் பாடிய பின், கவிஞர் திடீரென்று தம் நிலைக்கு இறங்குகிறார். இது மெய்யான விண்ணப்பம், ஏற்றருள வேண்டும் என்று முன்னுரைத்து, இராமாநுசருக்கு வசப்பட்டவனாய்த் திருவரங்கத்தில் முன்பிருந்தபடியே தாம் வாழவேண்டும் என்று கேட்கிறார். பகைவர் நீங்கவேண்டும் என்பதும் அவ்விண்ணப்பத்தில் உண்டு.

தமக்கென்று எதையும் கேளாதவர் என்று பிற்காலம் போற்றியவர், தம் பாடலில் ஊரைக் கேட்கிறார், ஆசிரியரைக் கேட்கிறார், இழந்த நாட்களின் வாழ்வை அப்படியே திருப்பிக் கேட்கிறார். கண்ணை மட்டும் அங்கே கேட்கவில்லை.