யாருடைய வாக்கியம்?

ஆட்டிஸம் என்ற சொல் இன்றைய பொருளில் நிலைபெறக் காரணமான கட்டுரையை லியோ கானர் 1943இல் வெளியிட்டார். அதிலுள்ள 11 குழந்தைகளில் முதலாமவன் டொனால்ட். அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பல பத்தாண்டுகள் பாங்கு வேலை பார்த்து, மணமாகாமலே இருந்து, 2023இல் காலமானார். பாங்கு குமாஸ்தாவான எனக்கு அவர்மேல் தனி வாஞ்சை.

1971இல் கானர் அதே 11 பேரையும் மீண்டும் தேடி எழுதினார். டொனால்டுக்குப் பெண்களிடம் நாட்டமில்லை என்று அதில் வருகிறது. பிள்ளை ஆசையும் இராது என்று முடிவுகட்ட அதுவே போதும் நமக்கு. ஆனால் அந்த வாக்கியம் டொனால்டுடையதல்ல. அவர் தாயார் கடிதத்தில் எழுதியது. கையெழுத்து ஒத்துப்போகாத செக்கை நாங்கள் திருப்பிவிடுவோம்.

கலைஞர்களும் இதைத் தாண்டவில்லை. 'ரெயின் மேன்' (1988) படத்தின் ரேமண்ட் ஒருவனுக்கு அண்ணன். மார்க் ஹாடன் நாவலின் (2003) கிறிஸ்டோபர் 15 வயது மகன். தகப்பனாக ஒருவனும் இல்லை.

பேனா கைமாறியதும் விஷயம் வேறாகிறது. லியான் ஹாலிடே வில்லி 1999இல் தாயாக இருந்தே தன் கதையை எழுதினார்; மகளுக்கு இன்னதென்று தெரிந்தபோதுதான் தன்னையும் அடையாளம் கண்டவர். டெம்பிள் கிராண்டின் மணமும் பிள்ளையும் இல்லாத வாழ்வைத் தேர்ந்தவர். அதையும் அவரே சொல்கிறார். இரண்டையும் நான் நம்புகிறேன். ஆசை, மருத்துவர் இடும் பெயரிலிருந்து பிறப்பதில்லை.

டொனால்டுக்கு அது இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். தாயின் கடிதத்தை மகனின் பதிலாக வாசிப்பதுதான் பிழை.