முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரனும்: ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ என்னும் பிரதி

தொலைக்காட்சித் தொடரா, அது வேலையத்த பொம்பளைங்க பார்க்கிற சங்கதி என்று தள்ளிவிடுகிற தோழர்கள் நம்மிடையே அதிகம். இந்தப் பேச்சிலுள்ள ஆண் திமிர் ஒருபுறம் இருக்கட்டும். லட்சக்கணக்கானோர் வாரந்தோறும் வாசிக்கிற ஒரு பிரதி எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் இவர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனவே பிரிட்டனின் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’டை எடுத்துக்கொள்கிறேன்.

டோனி வாரன் உருவாக்கிய இத்தொடர் 1960 டிசம்பர் 9இல் கிரனடா தொலைக்காட்சியில் தொடங்கி இன்றும் ஓடுகிறது. வெதர்ஃபீல்ட் என்பது கற்பனை ஊர். சால்ஃபோர்ட் நகரத்தை மனதில் வைத்துப் படைத்தது. ஒட்டியொட்டி நிற்கும் வரிசை வீடுகள், முனையில் ஒரு மளிகைக் கடை, ‘ரோவர்ஸ் ரிட்டர்ன்’ என்ற மதுவிடுதி. அவ்வளவுதான் உலகம். வட இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டு அடுப்படிப் பேச்சு அதன் வட்டார வாடையோடு தொலைக்காட்சியில் ஏறியது அன்று சின்ன விஷயமல்ல. ஈனா ஷார்ப்பிள்ஸ் போன்ற கிழவிகள் அங்கே வம்பளந்தார்கள். வம்பை நான் இழிவாகச் சொல்லவில்லை. கோர்ட்டும் கச்சேரியும் எட்டாதவர்கள் நியாயம் பேசிக்கொள்கிற இடமும் அதுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1976இல் மைக் பால்ட்வின் என்ற துணி ஆலை முதலாளி தெருவுக்கு வருகிறான். கென் பார்லோ அதே தெருவில் தொழிலாளி வீட்டில் பிறந்து பல்கலைக்கழகம் போனவன். இருவருக்கும் நடுவில் வர்க்க முரண் அப்பட்டமாகக் கிடக்கிறது. பிரதி அதை என்ன செய்கிறது? 1983இல் கென்னின் மனைவி டெய்ட்ரிக்கும் மைக்குக்கும் உறவு. 1986இல் கென்னின் மகள் சூசன் மைக்கையே மணக்கிறாள். முதலாளி இப்போது மருமகன்! ஆலையில் ஐவி டில்ஸ்லி தொழிற்சங்கம் பேசினாலும், பொழுது சாய்ந்தால் அவளும் முதலாளியும் அதே மதுவிடுதியில்தான். அரசு? நகராட்சி உறுப்பினர் ஆல்ஃப் ராபர்ட்ஸ் அந்த மளிகைக் கடைக்காரர்தான். மூலதனத்துக்கும் அரசுக்கும் இங்கே கதவு எண் இருக்கிறது. உறவுகள் பின்னப் பின்ன, அதிகாரம் குணக்கேடாகச் சுருங்கிவிடுகிறது: ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் மோசக்காரன்.

1998இல் டெய்ட்ரி ஒரு மோசடிக்காரனை நம்பி, செய்யாத குற்றத்துக்குச் சிறை போகிறாள். ‘வெதர்ஃபீல்ட் ஒருத்தியை விடுதலை செய்’ என்று பத்திரிகைகள் இயக்கமே நடத்தின. பிரதமர் டோனி பிளேரும் அதுபற்றிப் பேசினார். அந்த முழக்கத்தின் அச்சு எங்கிருந்து வந்தது? பொய் வழக்கில் 1975இல் தண்டிக்கப்பட்டு, 16 ஆண்டு கழித்து 1991இல் விடுதலையான ‘பர்மிங்ஹாம் அறுவர்’ போன்ற போராட்டங்களிலிருந்து. டெய்ட்ரிக்குச் சில வாரங்களில் நியாயம் கிடைத்துவிட்டது. அவளை எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரியாகத் தெரியும். அந்த ஆறு ஐரிஷ்காரர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களாக எண்ண யார் இருந்தார்கள்?

யார் பக்கத்து வீட்டுக்காரர் என்பதையும் பிரதியே தீர்மானிக்கிறது. மான்செஸ்டர் வட்டாரத்தில் தெற்காசியர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்தும், தேசாய் குடும்பம் தெருவுக்கு வந்தது 1999இல்தான். வந்ததும் கடைக்காரர்களாகத்தான்.

ஆகவே தொடரைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. பார்ப்பவர்கள் முட்டாள்களுமல்ல, கூடி வாழ்கிற ஆசை அவர்களுடையது, நிஜமானது. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே ஒரு கேள்வியும் கேட்கச் சொல்கிறேன். இத்தொடரின் தெருவுக்கு முன்மாதிரியாக இருந்தது சால்ஃபோர்டின் ஆர்ச்சி தெரு. 1971இல் அது இடிக்கப்பட்டது. படப்பிடிப்புக்காகக் கட்டிய தெருவோ ஒவ்வொரு முறையும் முன்னைவிட உறுதியாகப் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஆர்ச்சி தெருவை இடித்தவர்கள் யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அல்ல. அப்படிப்பட்டவர்களைக் கதைக்குள் கொண்டுவர இந்த வடிவத்தில் வாசல் இல்லை.