சிசி பார்த்துப் போடும் பிரீமியம்

"லண்டனில் மகன் ஒரு காருக்குக் கட்டுகிற இன்சூரன்ஸில் இங்கே நாலு காருக்குக் கட்டிவிடலாம்" என்று மார்தட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தொகையை மட்டும் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை. இதைவிடப் பெருமைப்பட வேண்டியது வேறொன்று: நம் மூன்றாம் நபர் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. அமெரிக்காவின் புளோரிடாவிலோ கார் பதிவு செய்யும்போது, அடிபடுகிறவருக்கான காயக் காப்பீட்டையே யாரும் கேட்பதில்லை.

என் சண்டை அந்த மலிவான பிரீமியத்தைக் கணக்கிடும் முறையோடு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அரசுக் கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். எஞ்சினை அளக்கிறார்கள், ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியே இல்லை.

ஒரே தெருவில், ஒரே மாடல் கார் வைத்திருக்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டில் பம்பரை உரசி, கிளெய்ம் வாங்கினார். இன்னொருவர் பாதசாரி மீது ஏற்றினார். தீர்ப்பாயம் சொன்ன லட்சங்களை நிறுவனம் கட்டியது. மறு வருடம் இருவருக்கும் அதே 3,416தான். பம்பர்காரருக்கு மட்டும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது சொந்த வாகனச் சேதப் பகுதிக்கு மட்டும் உரியது என்பதால், ஆளை இடித்தவர் தன் கார் சேதத்துக்குக் கேட்காதவரை அவர் போனஸுக்கு ஆபத்தில்லை. பம்பருக்கு இருக்கிற மதிப்பு பாதசாரிக்கு இல்லை!

பிரிட்டனில் லைசென்ஸில் விழும் தண்டனைப் புள்ளிகளைக் காப்பீட்டு நிறுவனம் கேட்டால் மறைக்க முடியாது, பிரீமியம் ஏறும். பதினேழு வயதுப் பையனுக்குக் கேட்கும் தொகை கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நியூசிலாந்தில் காயத்துக்கான தொகையை ஓட்டுநரைப் பார்த்தா வசூலிக்கிறார்கள் என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் அது 1974 முதல் நடக்கும் பொது நிதி. பெட்ரோலிலும் வாகன லைசென்ஸ் கட்டணத்திலும் எடுத்து, யார் தவறு என்று பாராமல் அடிபட்ட எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். இங்கே வசூல் மட்டும் அந்த மாதிரி. முழு இழப்பீடு வேண்டுமென்றால் விபத்தில் கணவனை இழந்தவர் தீர்ப்பாயத்தில் ஓட்டுநரின் தவறை நிரூபித்தாக வேண்டும்.

போக்குவரத்து விதிமீறலுக்கென்று தனிப் பிரீமியம் சேர்க்கலாம் என 2021இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழுவே பரிந்துரைத்தது. என் பாலிசியைப் புரட்டிப் பார்த்தேன்: எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி எல்லாம் இருக்கின்றன. விதிமீறலுக்கு ஒரு வரி இல்லை.