கோப்பை ஏந்தாமல் அக்டோபர்ஃபெஸ்ட்

மியூனிக்கில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் செப்டம்பர் மாதத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “அக்டோபர்ஃபெஸ்ட்டா? நான்தான் குடிக்க மாட்டேனே, எனக்கு அங்கே என்ன வேலை?” என்பார்கள். நாலு ஸ்டேஷன் தள்ளிக் குடியிருந்துகொண்டு, ஊரைக் காலி செய்யும் நாள் வரை விழா மைதானத்தை மிதிக்காமலே போனவர்கள் உண்டு. இதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. குடிக்காதவர்கள்தான் முதலில் போக வேண்டிய இடம் அது. அங்கே கேட்பதற்கும் பார்ப்பதற்கும் இருக்கிறவை தெளிந்த தலைக்காகவே செய்யப்பட்டவை.

இந்தத் திருவிழா பீரில் தொடங்கவும் இல்லை; ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. 1810 அக்டோபர் 12 அன்று பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரேஸைக் கைப்பிடித்தார். 17ஆம் தேதி நகர வாசலுக்கு வெளியே இருந்த புல்வெளியில் ஊர் மக்களுக்காகக் குதிரைப் பந்தயம் நடந்தது. மணப்பெண்ணின் பெயரையே புல்வெளிக்கு வைத்தார்கள். அதுதான் தெரேசியன்வீஸ, உள்ளூர்க்காரர் வாயில் வெறும் ‘வீஸன்’. அடுத்த வருடமும் பந்தயம் வேண்டும் என்று ஜனங்களுக்கு ஆசை வந்தது, விழா நிலைத்துவிட்டது. 1818இல் ராட்டினமும் ஊஞ்சல்களும் வந்து சேர்ந்தன. பெரிய பீர் கூடாரங்கள் எல்லாம் அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்தவை.

அடிப்படை விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எந்தப் பயண நூலிலும் கிடைப்பவைதான். செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை பகல் 12 மணிக்கு மேயர் முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்குவார். 1950 முதல் இந்த வழக்கம். பெரும்பாலும் அக்டோபர் முதல் ஞாயிறோடு விழா முடியும். யு4, யு5 ரயில்கள் மைதானத்தின் காலடியிலேயே இறக்கிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். வார நாளில் பகல் 12 மணிக்குள் போனால் முன்பதிவு இல்லாமலே கூடாரத்தில் இடம் கிடைக்கும். உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள். பெஞ்சின் மேல் ஏறி நிற்கலாம், மேஜை மேல் ஏறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

குடிப்பதற்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லெ கேளுங்கள், அல்லது கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஸ்பெட்ஸி. ராட்லர் என்று எலுமிச்சை வாசனையோடு ஒன்று வரும். அதில் பாதி பீர், ஏமாந்துவிடாதீர்கள். ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாப் பெரிய கூடாரங்களிலும் உண்டு. ஆனால் ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அந்தப் பெயரில் விற்கலாம். சொட்டும் வேண்டாம் என்பவர்கள் ஷோர்லெயோடு நில்லுங்கள். சாப்பாட்டுக்குப் பாதிக் கோழி, குச்சியில் குத்திச் சுட்ட மீன், முகம் அகலத்துக்குப் பிரெட்ஸல். சைவக்காரர்களுக்குப் பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லெ இருக்கிறது. அந்த மாவில் முட்டை சேரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு அவ்வளவுதான். நான் பேச வந்தது இசையைப் பற்றி.

2005இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பெரிய கூடாரங்களில் மாலை 6 மணி வரை மரபான பித்தளை வாத்திய இசைதான் வாசிக்க வேண்டும், ஒலி 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. முதியவர்களும் குழந்தைகளும் வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 6 மணி அடித்ததும் ஊர் உலகத்துப் பார்ட்டிப் பாட்டெல்லாம் கிளம்பும், ஜனங்கள் பெஞ்சில் ஏறுவார்கள். நம்முடைய யூடியூப் பயணக்காரர்கள் சரியாக ஏழு மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைந்து, “ஒரே கூச்சல், குடிகாரக் கூட்டம்” என்று தீர்ப்பு எழுதிவிட்டு வருகிறார்கள். கச்சேரியில் துக்கடா வேளையில் வந்து உட்கார்ந்துவிட்டு, ராகம் ஒன்றும் பாடவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதற்குச் சமம் இது. பகலில் போகாதவர்கள் அக்டோபர்ஃபெஸ்ட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

பகல் இசையிலும் எல்லாம் ஒன்று அல்ல. லெண்ட்லரும் வால்ட்ஸும் மூன்று எண்ணிக்கையில் ஓடுபவை. போல்காவும் மார்ச்சும் இரண்டில். இவை எந்தக் காதுக்கும் எட்டிவிடும், தலை தானாக ஆடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: ஸ்வீஃபாகர். இதில் மூன்றும் இரண்டும் ஒரே மெட்டுக்குள் மாறி மாறி வரும். எளிய வடிவம் ஒன்றைச் சொல்கிறேன்: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. சேர்த்தால் பத்து. மூன்று வரும்போது ஆடுகிற ஜோடி மூன்றடி வைத்து வால்ட்ஸாகச் சுழலும்; இரண்டு வரும்போது இரண்டே அடியில் சட்டென்று திரும்பும். ‘நடுநடுவே வேகம் கூட்டுகிறார்கள்’ என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சரியாகக் கேட்கவில்லை. வேகம் துளியும் கூடுவதில்லை. காலப்பிரமாணம் அப்படியே நிற்கிறது, கட்டு மட்டும் மாறுகிறது.

கண்ட சாப்பையும் மிஸ்ர சாப்பையும் தொடையில் தட்டிப் பழகிய நம் காதுக்கு இது எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் மூன்றும், மூன்றும் நாலும் ஒட்டிக்கொண்டு நடப்பது நமக்கு அந்நியம் அல்ல. வித்தியாசம் ஒன்று உண்டு, ருசியே அதில்தான். சாப்பு தாளத்தில் ஒரே கட்டு உருப்படி முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ஸ்வீஃபாகரில் ஒவ்வொரு மெட்டுக்கும் அதற்கே உரிய வரிசை. சில மெட்டுகளில் முதல் பகுதிக்கு ஒரு வரிசை, அடுத்த பகுதிக்கு வேறு. யாரும் அறிவிப்பதில்லை. மெட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பதற்கு வழி இருக்கிறது. மெட்டு வாசிக்கும் கிளாரினெட்டை விட்டுவிடுங்கள், ட்யூபாவைக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டின் தலையிலும் அதுதான் கனமாக விழும், மிச்ச எண்ணிக்கையை மற்ற வாத்தியங்கள் மேலே நிரப்பும். ஒரு ட்யூபா அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எத்தனை எண்ணிக்கை என்று விரல் விடுங்கள். இரண்டு சுற்றில் வரிசை கைக்கு வந்துவிடும். பிறகு மேடையைப் பார்க்காதீர்கள், ஆடுபவர்களின் காலைப் பாருங்கள். அறுபது, எழுபது வயது ஜோடிகளின் காலை. மூன்றிலிருந்து இரண்டுக்குத் தாவும் இடத்தில் அவர்கள் தோள் அசையாது, பாவாடை விளிம்பு மட்டும் சுண்டி மடங்கும். இளைஞர்கள் அந்த இடத்தில் தடுமாறி இடித்துக்கொள்வார்கள். லிட்டர் கோப்பையில் ஆறு சதவீத பீரை இரண்டு முறை காலி செய்தவருக்கு இது ஆடவும் வராது, கேட்கவும் வராது. உங்களுக்கு வரும்.

இன்னொரு சங்கதி. இந்த ஆட்டம் செழித்த வட்டாரங்களில் ஒன்று ஹாலர்டாவ், பீருக்கு ஹாப்ஸ் விளைகிற பூமி. மியூனிக்கில் பிறந்த கார்ல் ஓர்ஃப் 1937இல் அரங்கேறிய தன் ‘கார்மினா புரானா’வுக்குள்ளும் இப்படிக் கட்டு மாறுகிற நடனம் ஒன்றை வைத்திருக்கிறார். அதே படைப்பை விளம்பரங்களிலும் சினிமா முன்னோட்டங்களிலும் வரும் முழக்கமாக மட்டுமே தெரிந்து வைத்துக்கொண்டு மேதாவியாகப் பேசுபவர்கள் அந்த நடனத்தைக் கேட்டதுண்டா என்று தெரியவில்லை.

ஸ்வீஃபாகரைக் கேட்க மைதானத்தின் தென்கோடிக்குப் போங்கள். 2010இல் இருநூறாம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ‘ஓய்டெ வீஸன்’, அதாவது பழைய வீஸன், பெரும்பாலான வருடங்களில் அங்கே இருக்கும். சில யூரோ கட்டணம். அதைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது; வெளியே தண்ணீர் ஒரு லிட்டர் 10 யூரோவை ஒட்டி விற்கிறது, அதை யோசிக்காமல் கொடுப்பார்கள். ஹெர்ட்ஸ்காஸ்பர்ல் கூடாரமும் பாரம்பரியக் கூடாரமும் உள்ளேதான். நடனத் தளத்தை ஒட்டி இடம் பிடியுங்கள்.

ராட்டினங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தலைகீழாகச் சுழற்றும் புது எந்திரங்கள் எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் உண்டு, அவற்றில் பணத்தைக் கரைக்காதீர்கள். 1924ஆம் ஆண்டின் கிரினோலின் மெல்லத் தள்ளாடியபடி சுற்றும், உடன் நிஜ வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். 1910 முதல் இருக்கும் டாய்ஃபல்ஸ்ராட் ஒரு வழுவழுப்பான வட்டப் பலகை. ஆட்களை ஏற்றிச் சுழற்றி, கயிறு வீசி, உருண்டையைத் தொங்கவிட்டு இடித்து, ஒவ்வொருவராகச் சரிக்கிறார்கள். சுற்றி நின்று பார்ப்பதற்கே சீட்டு வாங்கலாம். ஒலிபெருக்கியில் ஒருவர் பவேரியக் கொச்சையில் வாரிக்கொண்டே இருப்பார். மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு வரும்.

இனி நமக்குள் ஒரு பேச்சு. கூடாரத்தில் அடிக்கடி ‘அய்ன் ப்ரோஸிட்’ என்ற வாழ்த்துப் பாட்டை வாசிப்பார்கள், எல்லோரும் கோப்பையைத் தூக்குவார்கள். நீங்கள் ஷோர்லெயைத் தூக்குங்கள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்து இடிப்பதுதான் அங்கே மரியாதை. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அல்ல. “ஏன் குடிக்கவில்லை?” என்று பவேரியக் கிழவர்கள் என்னைக் கேட்டதே இல்லை. கேட்டவர்கள் எல்லாம் நம் அலுவலகக் கூட்டாளிகள். அவர்களோடு போகாதீர்கள். தனியாகவோ, அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களை அழைத்துக்கொண்டோ போங்கள். மது தொடாததையே ஒரு பதக்கமாக மாட்டிக்கொண்டு, பக்கத்து மேஜையின் கோப்பைகளை எண்ணிப் படம் போடுகிற புது நாகரிகம் ஒன்று கிளம்பியிருக்கிறது. அவர்களும் பீரைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அவர்களோடும் சேராதீர்கள்.

பயணச்சீட்டு எடுக்கும்போது விழாவின் இரண்டாவது ஞாயிறு மியூனிக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை 11 மணிக்கு எல்லாக் கூடாரங்களின் இசைக்குழுக்களும், சுமார் 300 பேர், மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பவேரியா சிலையின் காலடிப் படிகளில் சேர்ந்து வாசிப்பார்கள். கட்டணம் இல்லை, மேஜை இல்லை, பரிமாறுபவர் இல்லை. அரை மணி முன்னதாகப் போய், ட்யூபாக்கள் நிற்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். மழை வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றிவிடுவார்கள், முடிந்தால் அதுவரை தங்குங்கள்.